நர்ஸின் படிப்பும் நமது கோரிக்கையே

பஞ்சாலையில் ஒரு புது மெஷின் வந்து இறங்குகிறது. உடனே என்ன நடக்கிறது? விற்ற கம்பெனியிலிருந்து என்ஜினியர் வருகிறார். வாரக்கணக்கில் தங்குகிறார். ஃபிட்டரையும் மேஸ்திரியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பிரித்துக் காட்டுகிறார், பூட்டிக் காட்டுகிறார். மூன்று ஷிஃப்ட் ஆட்களுக்கும் தனித்தனியே பழக்கம் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, கை பழகிவிட்டது என்று தெரிந்த பிறகே ஊர் திரும்புகிறார். முதலாளிக்குத் தொழிலாளியின் மேல் திடீர்ப் பிரியம் பிறந்துவிட்டதா? அதெல்லாம் ஒன்றுமில்லை. பிரியம் மெஷின் மேல். தெரியாத கை பட்டால் கெடும். கெட்டால் நஷ்டம் அவருக்கு.

அதே ஊர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு புது மெஷின் வருகிறது. மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து உடம்பில் ஏற்றுகிற பம்பு என்று வைத்துக் கொள்வோம். விற்பனைப் பிரதிநிதி பகல் 11 மணிக்கு வருகிறார். அந்த நேரம் டூட்டியில் இருப்பவர்களைச் சுற்றி நிற்க வைத்து அரை மணி நேரம் பொத்தான்களைக் காட்டுகிறார். ஒரு படம் எடுத்துக் கொள்கிறார். போய்விடுகிறார். இரவு டூட்டிக்கு வருகிற நர்ஸுக்கு யார் சொல்லித் தருவது? பகல் நர்ஸ் வீட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் கேஸ் ஷீட்டுகளை ஒப்படைத்துவிட்டு, “பச்சை பொத்தான் ஓட, சிவப்பு பொத்தான் நிற்க” என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அதுதான் பயிற்சி! இரவு 2 மணிக்கு அந்தப் பம்பு கூவும்போது பக்கத்தில் டாக்டர் இல்லை; கம்பெனிக்காரன் இல்லை. கட்டிலில் கிடப்பவர் நம்முடைய ஆள்.

தோழர்களே, பஞ்சு மெஷினுக்குக் கிடைக்கிற அக்கறை நம் உயிருக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் இன்று எழுத வந்தோம். பழி பெரும்பாலும் நர்ஸின் தலையில் விழுகிறது. ஊசி மாறிப் போனால் நர்ஸ், டிரிப்ஸ் கை வீங்கினால் நர்ஸ், பிரசவம் கஷ்டமானால் நர்ஸ். பத்திரிகையில் செய்தி வரும், சஸ்பெண்ட் உத்தரவு வரும், விவகாரம் முடிந்துவிடும். அந்த நர்ஸுக்குக் கடைசியாக எப்போது, யார், எதைச் சொல்லித் தந்தார்கள் என்ற கேள்வியை விசாரணைக் கமிட்டி கேட்பதும் இல்லை, நாமும் கேட்பதில்லை.

“மூன்று வருஷம் படித்தவர்தானே, இன்னும் என்ன சொல்லித் தர வேண்டும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நியாயம்தான். பதிலும் சொல்கிறோம்.

இதயம் நின்று போனவரை எப்படி மீட்பது? முதலில் தொண்டையைத் திறந்து, பிறகு வாயால் காற்று ஊதி, அதற்குப் பிறகு மார்பை அழுத்துவது என்றுதான் பல தலைமுறை நர்ஸுகள் படித்தார்கள். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க இருதயச் சங்கம் இந்த வரிசையை மாற்றியது. முதல் வேலை மார்பை அழுத்துவது. மற்றது பிறகு என்றது. 2015இல் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை என்று வேகத்துக்கும் மேல் எல்லை போட்டது. 1995இல் பாஸ் செய்து பொது வார்டிலேயே காலம் தள்ளிய நர்ஸுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால்தான் தெரியும். வாயால் சொன்னாலும் போதாது. இது கைவேலை. சில மாதம் செய்யாமல் விட்டாலே கை மறந்து போகும் என்பது பல முறை சோதித்து அறிந்த விஷயம்.

இன்னொன்று, பிரசவ அறை விஷயம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 3 நர்ஸுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்த மாநிலம் நமது தமிழ்நாடு. பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு அது, மறுக்கவில்லை. மூன்று பேர் என்றால் ஒரு ஷிஃப்டுக்கு ஒருவர். அந்த ஒருவர் கையில் இரண்டு உயிர். குழந்தை பிறந்த பிறகு தாய்க்கு இரத்தம் போகிறது. எவ்வளவு போனால் ஆபத்து? அரை லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று பாடம். ஆனால் துணியில் ஊறி, கட்டிலில் பரவி, தரையில் சொட்டுகிற இரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியுமா? அனுபவசாலிகளும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கருவி என்ன? அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. தாயின் அடியில் விரித்தால் இரத்தம் அதில் சேரும். கோட்டைத் தாண்டினால் தெரியும். தெரிந்த உடனே கர்ப்பப்பையைத் தேய்த்து விடுவது, மருந்துகள், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்துக் கொண்டிராமல் ஒரே மூச்சில் செய்வது. இதற்கு நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பழக்கினார்கள். கடுமையான இரத்தப்போக்கும் அதனால் வந்த பெரிய ஆபத்துகளும் 60 சதவீதம் குறைந்தன!

அந்த விரிப்பு தங்கத்தால் ஆனதல்ல. ஏழை நாடுகளில் செய்து காட்டியது. விரிப்பை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் தாய் பிழைக்க மாட்டாள்; விரிக்கிற கைக்குப் பழக்கம் வேண்டும். 2020க்கு முன்னால் படித்து முடித்த எந்த நர்ஸின் பாடப் புத்தகத்திலும் இந்த ஆராய்ச்சி இருந்திருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சும்மா இருக்கவில்லை. 5 ஆண்டுக்கு ஒரு முறை நர்ஸ் தன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரம் தொடர்பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்தது. இங்கிலாந்தில் 2016 முதல் 3 ஆண்டுக்கு 35 மணி நேரம்தான் கேட்கிறார்கள். ஆகவே காகிதத்தில் பார்த்தால் நாம் வெள்ளைக்காரனை வென்றுவிட்டோம்! நடப்பு எப்படி?

மாவட்டத் தலைநகர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் நமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு ஃபைல். அதில் வரிசையாக சர்டிபிகேட்டுகள். பூ வேலைப்பாட்டுக் கரை, இரண்டு மூன்று கையெழுத்து, முத்திரை. “தோழர், தேதியை மட்டும் பாருங்கள்” என்றார். பார்த்தோம். எல்லாம் அவருடைய வார விடுமுறை நாட்கள். இரவு டூட்டி முடித்து நேராகப் போய் உட்கார்ந்த நாளும் உண்டாம். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் காசில் கட்டணம். பஸ் சார்ஜ் தனி. ஒரு பெரிய ஹால், 300 பேர், மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் படம் போட்டுப் படிக்கிறார், பின் வரிசையில் பாதிப் பேர் தூக்கம். “தூங்காமல் என்ன செய்வது? நானும்தான் தூங்கினேன்” என்று சிரித்தார். “சரி, உங்களுக்கு உண்மையில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை?” என்று கேட்டோம். யோசிக்கவே இல்லை. “வென்டிலேட்டர் கூவினால் எந்தக் கூவல் என்ன அர்த்தம் என்று யாராவது மெஷின் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லித் தந்தால் போதும்” என்றார். அந்த ஃபைலில் இருந்த எந்தச் சர்டிபிகேட்டிலும் அது இல்லை.

அறிவு வளர வேண்டும் என்று போட்ட விதி, நர்ஸின் ஓய்வு நாளையும் பணத்தையும் பிடுங்குகிற விதியாக முடிந்திருக்கிறது. நிர்வாகத்துக்கு ஒரு பைசா செலவில்லை; பயிற்சி பெற்ற நர்ஸ் என்ற பெயர் மட்டும் அதற்கு. பஞ்சாலை முதலாளி கூட மெஷின் பழகுகிற நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை.

குறை இங்கே தொடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேர் படிக்கிற காலத்திலேயே இருக்கிறது. 1871இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1946இல் வேலூரிலும் டில்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. பழைய பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் படிக்க வந்த பெண், ஆள் பற்றாக்குறை என்று வார்டில் வேலைக்காரியாக நிறுத்தப்பட்டாள். காய்ச்சல் பார்ப்பதும் கட்டில் விரிப்பதும் நூறு தடவை. கற்க வேண்டியது ஒரு தடவை. தனியார் கல்லூரியில் நேர் எதிர். அங்கே கட்டிடம் இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஃபீஸ் இருக்கிறது, நோயாளி இல்லை. ரப்பர் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகி, நோட்ஸ் மனப்பாடம் செய்து வெளியே வருகிறாள். ஒருத்திக்கு உழைப்பு உண்டு, பாடம் இல்லை. இன்னொருத்திக்குப் பாடம் உண்டு, கைப்பழக்கம் இல்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்த கூத்தை மறந்துவிட்டோமா? நர்ஸிங் கல்லூரிகள் முறையாக நடக்கவில்லை என்று வழக்குப் போய், அங்குள்ள உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளைப் பார்த்ததில் 60க்கும் மேற்பட்டவை கல்லூரி என்ற பெயருக்கே லாயக்கில்லை என்று 2024இல் தெரிந்தது. அதோடு முடிந்ததா? 2024 மே மாதத்தில், கல்லூரிக்குச் சாதகமாக அறிக்கை எழுத லஞ்சம் வாங்கியதாக விசாரிக்கப் போன சி.பி.ஐ. அதிகாரிகளையே சி.பி.ஐ. கைது செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஃபீஸ் கட்டி ஏமாந்த பிள்ளைகள் எங்கோ ஒரு வார்டில் வேலைக்குச் சேரும்போது அவர்களுக்கு யார் கைபிடித்துச் சொல்லித் தருவது? படிப்பில் விட்ட ஓட்டையை அடைக்கத் தொடர்பயிற்சி ஒன்றுதான் மிச்சம்.

இதில் கூலிப் பிரச்னை எங்கே வருகிறது என்று தொழிற்சங்கத் தோழர்கள் கேட்கலாம். நடுவில் வந்து நிற்கிறது, தோழர்களே! தமிழ்நாட்டில் தேர்வு எழுதி, தேர்வு வாரியத்தின் மூலம் சர்க்கார் வேலைக்கு வந்த நர்ஸுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்த காலம் உண்டு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்த பிறகுதான் 2018இல் அது 14,000 ஆயிற்று. தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவோம். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே இருக்கிற இடங்கள் எத்தனை என்பது அந்தந்த ஊர் நர்ஸுகளுக்குத் தெரியும்.

நாளை இருப்பாரா என்று தெரியாத ஆளுக்கு எந்த நிர்வாகம் பயிற்சிச் செலவு செய்யும்? இன்று இங்கே, அடுத்த மாதம் வேறு மாவட்டம், ஒப்பந்தம் முடிந்தால் வீடு. கொரோனாவின்போது என்ன நடந்தது என்று பாருங்கள். 2020இல் ஐ.சி.யு.வை வாசலில் நின்றுகூடப் பார்க்காத பெண்களைக் கவச உடை மாட்டி உள்ளே அனுப்பினோம். பாடம் அங்கேதான் நடந்தது. பிராணவாயு அளவு பார்க்கவும், மூச்சுத் திணறுகிறவரைக் குப்புறப் படுக்க வைக்கவும், வென்டிலேட்டரோடு குடித்தனம் நடத்தவும் கற்றுக் கொண்டார்கள். நோயாளியின் உயிரையும் தங்கள் உயிரையும் பணயம் வைத்துக் கற்ற படிப்பு அது. எந்தக் கல்லூரியும் அவ்வளவு சொல்லித் தந்திருக்காது. 2022 டிசம்பர் 31ஆம் தேதி, அப்படிக் கற்றவர்களில் 2,400க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தது, போய் வாருங்கள் என்றது அரசு. போராட்டம் எழுந்த பின் வேறு திட்டங்களில் வேலை தருவதாகச் சொன்னார்கள். அது வேறு விஷயம். பெற்ற பயிற்சியைத் தூக்கித் தெருவில் எறிந்த கணக்கை யார் எழுதுவது? 2017இல் ஒரு கட்சி ஆட்சி, 2022இல் இன்னொரு கட்சி ஆட்சி. தொகுப்பூதியம் மட்டும் ஆட்சி மாறாமல் இருந்தது.

செய்தால் நடக்கும் என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம் கேரளத்தில் நிபா நோய் வந்தது. வந்தது என்னவென்று யாருக்கும் தெரியாத முதல் நாட்களில் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயேதான் பெரும்பாலும் பரவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்குப் பணிவிடை செய்த நர்ஸ் லினி அதிலே உயிர் விட்டார். அரசுக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். கேரளம் அழுதது, அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எப்படிப் பிரித்து வைப்பது, எப்படி உடை மாட்டிக் கழற்றுவது, யார் யாரைத் தொட்டார் என்று எப்படிப் பட்டியல் எடுப்பது என்று ஊழியர்களுக்கு நடைமுறை வகுத்துப் பழக்கினார்கள். 2019இல் எர்ணாகுளத்தில் நிபா மறுபடி வந்தது; ஓர் ஆளோடு நின்றது, அவரும் பிழைத்தார். 2021இல் கோழிக்கோட்டில் வந்தது. ஒரு சிறுவனை இழந்தோம், ஆனால் அவனைக் கவனித்த நர்ஸுகளில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அதே நோய், அதே மாநிலம். நடுவில் பழக்கம் வந்திருந்தது.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. நர்ஸுகளின் சங்கங்களும், அவர்களுக்கு ஆதரவாக நிற்கிற நமது சங்கங்களும் வைக்கிற கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பணி நிரந்தரம், காலமுறை ஊதியம், காலியிடம் நிரப்புதல், மகப்பேறு விடுப்பு. எல்லாம் சரி, ஒன்றும் குறைக்க வேண்டாம். பயிற்சி எங்கே? கேட்டால், “முதலில் ஆள் போடட்டும், அப்புறம் பாடம் நடத்தலாம்” என்கிறார்கள் சிலர். வேறு சிலர், “பயிற்சி என்பது நிர்வாகத்தின் தந்திரம்; மணி கணக்குக் குறைந்தது என்று பதிவை ரத்து செய்து மிரட்டுவார்கள்” என்கிறார்கள். இந்தப் பயம் வீண் பயம் என்று நாம் சொல்ல மாட்டோம். நிர்வாகத்தின் கையில் கொடுத்தால் எதுவும் பிரம்பாகும். அதற்காகப் படிப்பையே வேண்டாம் என்று சொல்லலாமா? எட்டு மணி நேர வேலையும் நிர்வாகத்தின் கையில் ஓவர்டைம் மோசடியாக மாறத்தான் செய்தது. எட்டு மணி நேரமே வேண்டாம் என்றா சொன்னோம்?

ஆள் முதலா, படிப்பு முதலா என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களின் கணக்கை எடுத்து 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் மரணத்துக்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. பட்டப்படிப்புப் படித்த நர்ஸுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. இரண்டும் ஒரே தராசில் ஒரே எடை! அங்கே கணக்குப் போட்டது இன்னும் ஒரு நோயாளி கூடினால் என்ன என்று. இங்கே போதனா ஆஸ்பத்திரியில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு 1 நர்ஸ் என்று நர்ஸிங் கவுன்சில் கணக்கு எழுதி வைத்தது. 40 கட்டில் வார்டில் இரவில் ஒரே நர்ஸ் அலைவதை நம் வாசகர்களில் பாதிப் பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள். 1946இல் போர் கமிட்டி 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்று கண்டு வெட்கப்பட்டு, 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்றது. எண்ணிக்கையில் எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். ஆனால் எண்ணிக்கையில் வந்தவர் வார்டுக்கு வராமல் வெளிநாட்டு விமானம் ஏறுகிறார். ஏறாமல் என்ன செய்வார்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இத்தனை நோயாளிக்கு இத்தனை நர்ஸ் என்று சட்டம் போட வைத்தது யார்? சர்க்காரின் கருணையா? நர்ஸுகளின் சங்கம். 1999இல் சட்டம் நிறைவேறி 2004இல் அமுலுக்கு வந்தது. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு போராடியதால் ஜெயித்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது சிக்கலான விஷயம் ஒன்றுமில்லை. பயிற்சி டூட்டி நேரத்தில் நடக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. கட்டணம் நிர்வாகத்தைச் சேர்ந்தது. பயிற்சிக்குப் போகிறவர் இடத்தில் மாற்று ஆள் நிற்க வேண்டும்; இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற நர்ஸின் தலையில்தான் அந்தச் சுமை விழும். பெரிய ஹாலில் 300 பேருக்குப் பிரசங்கம் செய்வதற்குப் பதில், வார்டில், மெஷின் பக்கத்தில், பத்துப் பத்துப் பேராக, தமிழில் நடக்க வேண்டும். புது மெஷின் எதுவும் மூன்று ஷிஃப்ட் நர்ஸுக்கும் பழக்கம் கொடுத்த பிறகே நோயாளி மேல் மாட்டப்பட வேண்டும். ஒப்பந்த நர்ஸுக்கும் நிரந்தர நர்ஸுக்கும் இதில் பேதம் கூடாது. நோய்க் கிருமி ஆர்டரைப் பார்த்துத் தொற்றுவதில்லை. 2023இல் நாடாளுமன்றம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய நர்ஸிங் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. பெயர் மாறட்டும், போர்டு மாறட்டும். செலவு யாருடையது, நேரம் யாருடையது என்று எழுதி வைக்காத வரையில் வார்டில் ஒன்றும் மாறாது.

கோட்டைக்கு மனுப் போடுவது ஒரு புறம் நடக்கட்டும். தொழிலாளத் தோழர்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு வாசல் இருக்கிறது: இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. 2019 ஜூலையில் வகுத்த கணக்குப்படி நம் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு. முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு. அதுவும் நம் உழைப்பில் வந்ததுதான். நம் காசில் நடக்கிற ஆஸ்பத்திரி அது. கோவையிலும் மதுரையிலும் சிவகாசியிலும் அங்கே போய் வரிசையில் நிற்கிறோம். மருந்து இல்லை என்று சண்டை போடுகிறோம், ஸ்கேன் இல்லை என்று மறியல் செய்கிறோம். அதன் நிர்வாக அமைப்புகளில் தொழிலாளர் பிரதிநிதி என்று நம் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் அவர்கள் எழுந்து ஒரே ஒரு பதிவேட்டைக் கேட்கட்டும். இந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்ஸும் சென்ற 12 மாதத்தில் என்ன பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேரம், டூட்டியிலா விடுமுறையிலா, பணம் கட்டியது யார்? இரவு ஷிஃப்ட் பக்கத்தை முதலில் புரட்டுங்கள். பதிவேடே இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக் கொண்டு வாருங்கள். அதை நாம் அச்சில் போடுகிறோம்.